உங்களுக்குத் தெரியுமா? உடைந்த குரலில் பிறந்த பாணி

வயலின், டிரம்பெட், கிதார், கிதாரோன் எனும் பெரிய மந்தர ஒலிக் கிதார் ஆகியவை சேர்ந்தொலிக்கும் மெக்சிகோ நாட்டு இசைக்குழுவான மரியாச்சி, நெடுங்காலம் ஆண்களின் களமாகவே இருந்த நிலையில், அந்த இசையோடு இணைந்து பாடிப் பெண்குரலுக்கு அங்கே உறுதியான இடம் பெற்றுத் தந்தவர்களுள் முதன்மையானவர், 1906-இல் குவாதலஹாரா நகரில் பிறந்த லூச்சா ரேயஸ் ஆவார்.

பெண்குரல்களில் மிக உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் சொப்ரானோ வகைப் பாடகியாகத் தொடங்கிய அவர், 1920-களின் பிற்பகுதியில் ஐரோப்பியப் பயணத்தின்போது நோயுற்றுக் குரலை இழந்தார். மீண்டு வந்த குரல் தாழ்ந்தும் கரகரத்தும் ஒலித்தபோது, அதனைக் குறையெனக் கொள்ளாமல், நாட்டுப்புற வாழ்வையும் காதலையும் பாடும் ரான்சேரா பாடல்களுக்கு உரிய வீறுமிக்க பாணியாக வளர்த்தெடுத்தார்.

1944-இல், 38 வயதிலேயே அவர் மறைந்தாலும், பின்வந்த ரான்சேரா பாடகியர் பலருக்கும் அவர் வகுத்த பாணியே முன்மாதிரியாக அமைந்தது.