எண்ணுக்குள் அகப்படாத கிருமிகள்

டி84.53எக்ஸ்ஏ. அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளில் காணப்படும் இந்தக் குறியீட்டைப் பிரித்துப் படித்தால் ஒரு நோயாளியின் நிலை முழுதும் தெரிந்துவிடும். முதல் எழுத்து, காயங்களும் சிகிச்சையால் வந்த சிக்கல்களும் அடங்கிய பிரிவைக் காட்டுகிறது. 84 என்றால் எலும்பிலோ மூட்டிலோ பொருத்திய சாதனத்தில் கோளாறு. 5 என்றால் செயற்கை மூட்டில் கிருமித் தொற்று. 3 வலது முழங்காலைக் குறிக்கிறது. எக்ஸ் வெறுமனே இடம் நிரப்ப. ஏ என்றால் தொற்றுக்கான சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கும் பல்லாயிரம் இளைஞர்களின் அன்றாடப் பாஷை இது.

குறியீடு முதலில் பில்லுக்கும் நிர்வாகக் கணக்குக்கும் பயன்படுகிறது. ஆனால், லட்சக்கணக்கான நோயாளிகளின் குறியீடுகள் ஓரிடத்தில் சேர்ந்ததும் ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடி வருகிறார்கள். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது? எந்தச் சிகிச்சை பலன் தந்தது? ஒவ்வொரு கேஸ் ஷீட்டையும் புரட்டாமலே விடை கிடைக்கும், குறியீடு உண்மை சொன்னால்.

அது எங்கே பிசகுகிறது என்று பார்க்க, நோய் எப்படி உறுதியாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலோகத்தின்மேலும் பிளாஸ்டிக்கின்மேலும் கிருமிகள் வழவழப்பான படலம் கட்டி ஒளிந்துகொள்ளும். அதனால் அறுவையின்போது பல இடங்களிலிருந்து திசு எடுத்து கல்ச்சருக்கு அனுப்புவார்கள். குறைந்தது இரண்டு மாதிரிகளில் ஒரே கிருமி வளர்ந்தால் தொற்று உறுதி. நம் தோலிலேயே குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் போன்ற கிருமிகள் மந்தமாக வளர்பவை. ஆய்வகம் 14 நாள் வரைகூடக் காத்திருக்க வேண்டிவரும். அதற்குள் நோயாளி வீடு போய்ச் சேர்ந்திருப்பார். 'மூட்டு தளர்ந்துவிட்டது' என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்ததைப் பார்த்துக் கோடரும் அதற்குரிய எண்ணைப் போட்டு முடித்திருப்பார். பின்னால் வரும் கல்ச்சர் முடிவு கோப்பில் சேர்ந்தாலும், எண் மாறாமலே நின்றுவிடக்கூடும்.

எதிர்ப்பக்கமும் பிசகலாம். அமெரிக்க விதிப்படி, உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'தொற்றாக இருக்கலாம்' என்று டாக்டர் எழுதியிருந்தால், தொற்று இருப்பதாகவே குறியீடு போட வேண்டும். ஆக, கோடர் விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றினாலும் ஆராய்ச்சியாளர் கைக்கு வருவது ஒரு சந்தேகம்தான்.

சின்னப் பிழைதானே என்று தள்ளிவிட முடியாது. இந்தத் தொற்று அரிது, நூற்றில் ஒருவர் இருவருக்கே வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 அறுவைகளில் 100 பேருக்கு உண்மையிலேயே தொற்று. அவர்களில் 80 பேரைக் குறியீடு பிடித்துவிடுகிறது. தொற்று இல்லாத 9,900 பேரில், 200 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் மட்டுமே தவறாக எண் விழுகிறது. கேட்க நல்ல துல்லியம்தான். ஆனால், அது சுமார் 50 பேர். பட்டியலில் வரும் 130 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நோயே இல்லாதவர்கள்! கல் குறைந்த அரிசியில் கல் பொறுக்கினால், கருத்த அரிசியும் கணிசமாகக் கையோடு வருவது போலத்தான்.

டென்மார்க் இதைச் சோதிக்க ஏற்ற நாடு. அங்கே 1968 முதல் ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு. 1977 முதல் தேசிய நோயாளர் பதிவேடும், 1995 முதல் இடுப்பு மூட்டு மாற்றுக்கென்றே ஒரு பதிவேடும் இருக்கின்றன. பெர் ஹ்வீட் குண்டாஃப்டும் சகாக்களும் 32,896 இடுப்பு மாற்று அறுவைகளை எடுத்து, பதிவேட்டுத் தகவலோடு நுண்ணுயிர் ஆய்வக முடிவுகளையும் மருந்துச் சீட்டு விவரங்களையும் ஒப்பிட்டு, முடிவை 2015இல் வெளியிட்டார்கள். முதல் ஓராண்டில் தொற்று 0.86 சதவீதம். பதிவேடு சொன்னதைவிட இது சுமார் 40 சதவீதம் அதிகம்.

காலத்தை ஒப்பிடுவதிலும் சிக்கல் உண்டு. அமெரிக்கா 2015 செப்டம்பர் 30 வரை பயன்படுத்திய பழைய முறையில் இந்தத் தொற்றுக்கு 996.66 என்ற ஒரே எண்தான். இடுப்பா முழங்காலா, இடமா வலமா என்று அது சொல்லாது. இரண்டு முழங்காலையும் மாற்றிக்கொண்டவரின் பதிவில் இந்த எண் இருந்தால், எந்தக் காலில் தொற்று என்று எண்ணை வைத்துச் சொல்ல வழியில்லை.

இதனால் குறியீட்டை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதை ஆய்வகத்தின் சாட்சியத்தோடு உரசிப் பார்த்து, பிழையின் அளவையும் சேர்த்துச் சொன்னால் போதும். மருத்துவமனைகளைத் தரவரிசைப்படுத்தும்போது இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். கல்ச்சர் முடிவு வரும்வரை பொறுத்திருந்து, பதிவைத் திருத்தி எழுதும் மருத்துவமனையின் கணக்கில்தான் தொற்று கூடுதலாகத் தெரியும். எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால், நேர்மையாகக் கணக்கு எழுதியவர்களுக்கே கெட்ட பெயர்.