அமைச்சர் இருந்தும் காடு ஏன் அவர் கையில் இல்லை?

காட்டை அழிக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தால், "புத்ராஜெயாவில் நம்மவர் அமைச்சராக இருக்கிறாரே, தடுக்க மாட்டாரா?" என்றுதான் நம் மக்கள் முதலில் கேட்பார்கள். டாக்டர் சேவியர் ஜெயக்குமாரின் அரசியல் பயணத்தைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

பல் மருத்துவரான அவர் 2008இல் கிள்ளான், ஸ்ரீ அண்டலாஸ் தொகுதியில் வென்று சிலாங்கூர் ஆட்சிக்குழு உறுப்பினரானார். சுகாதாரமும் தோட்டத் தொழிலாளர் நலனும் அவர் பொறுப்பில் இருந்தன. 2018இல் கோல லங்காட் நாடாளுமன்ற உறுப்பினராகி, நீர், நிலம், இயற்கை வள அமைச்சராக உயர்ந்தார்.

பதவியின் பெயரைக் கேட்டால் நாட்டின் நிலமெல்லாம் அவர் கையில் என்று தோன்றும். ஆனால் கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணை நிலத்தையும் காட்டையும் மாநிலங்களுக்கே கொடுத்திருக்கிறது. நில வருவாயும் மாநிலத்துக்கே போகிறது. அமைச்சர் ஆலோசனை சொல்லலாம், நிதி ஒதுக்கலாம். ஒதுக்கீட்டுக் காட்டை ரத்து செய்வதும் காப்பதும் மாநில அரசின் முடிவு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தீபகற்பத்தில் வனவிலங்குப் பாதுகாப்பு கூட்டரசின் வேலை. 200க்கும் குறைவாக எஞ்சியிருக்கும் புலிகளைக் காக்க வேண்டியவர் அமைச்சர். அவை வாழும் காடோ மாநிலத்தின் சொத்து!

2020 பிப்ரவரியில் இது நேரிலேயே தெரிந்தது. கோல லங்காட் வடக்கு ஒதுக்கீட்டுக் காட்டில் சுமார் 931 ஹெக்டரை ரத்து செய்யும் திட்டத்தைச் சிலாங்கூர் அறிவித்தது. தெமுவான் பூர்வகுடியினர் நம்பியிருக்கும் சதுப்புக் காடு அது. இத்தகைய நிலத்தில் நீர் வடிந்து காய்ந்தால் மண்ணே புகைந்து எரியும். ஜொகான் செத்தியா புகையில் மூச்சுத் திணறிய கிள்ளான்வாசிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே மாதம் பக்காத்தான் ஹராப்பான் ஆட்சி கவிழ்ந்தது, சேவியரின் பதவியும் போனது. 2021 மார்ச்சில் அவர் பிகேஆரை விட்டு விலகினார்.

காட்டின் கதை அதோடு முடியவில்லை. ஏறக்குறைய 537 ஹெக்டர் ஏற்கெனவே ரத்தாகிவிட்டது என்று 2021 ஆகஸ்டு இறுதியில் தெரியவந்தது. எதிர்ப்பு வலுக்கவே, செப்டம்பர் 8ஆம் தேதி மந்திரி பெசார் அமிருடின் ஷாரி அந்த முடிவை மீட்டுக்கொண்டார். ரத்து செய்தது மாநிலம், மீட்டதும் மாநிலமே.

சிலாங்கூரில் ஒதுக்கீட்டுக் காட்டை ரத்து செய்யுமுன் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அறிவிப்பு வந்தால், ஆட்சேபக் கடிதம் போக வேண்டிய இடம் புத்ராஜெயா அல்ல, மாநில வனத்துறை. கூடவே உங்கள் சட்டமன்ற உறுப்பினரையும் பாருங்கள்.