திறந்த கதவும் தயங்கும் கால்களும்

ஒரு நாட்டு மக்களுள் எத்தனை பேர் கடல் கடந்து பயணம் செய்கின்றனர் என்பது வெறும் சுற்றுலாக் கணக்கன்று. அந்நாட்டின் சட்டம், பணத்தின் மதிப்பு, போக்குவரத்து வசதி, மக்களின் மனநிலை ஆகிய நான்கும் அவ்வெண்ணிக்கையில் பதிந்துள்ளன. இதற்குத் தெளிவான சான்றாக விளங்கும் நாடு ஜப்பான்.

அடைபட்ட கதவு

ஜப்பானியர் வெளிநாடு செல்வதைத் தோக்குகாவா ஆட்சியாளர்கள் 1635ஆம் ஆண்டு தடை செய்தனர். தடையை மீறிச் சென்று தாயகம் திரும்புவோருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த இத்தடை 1866இல் நீங்கியது. அவ்வாண்டு முதல் கடவுச்சீட்டைப் பெற்றவர் அமைச்சரோ பெருவணிகரோ அல்லர். அயல்நாட்டு மேடைகளில் தம் திறனைக் காட்டப் புறப்பட்ட வித்தைக் கலைஞர் ஒருவரே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அக்கதவு மீண்டும் அடைபட்டது. இம்முறை காரணம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. இறக்குமதிக்குத் தேவையான டாலரைக் காக்கும் பொருட்டு, அலுவல், கல்வி போன்ற காரணங்களுக்காகச் செல்வோருக்கு மட்டுமே இசைவு வழங்கப்பட்டது.

திறந்த கதவு

தோக்கியோ ஒலிம்பிக் போட்டி நடைபெற்ற 1964ஆம் ஆண்டில், ஏப்ரல் 1ஆம் நாள் முதல் சுற்றுலாவுக்காகவும் வெளிநாடு செல்லலாம் என்னும் நிலை உருவாயிற்று. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை, 500 டாலர் வரை என்னும் வரம்புகள் இருந்தன. அப்போது ஹவாய்த் தீவுகளுக்கான குழுப்பயணக் கட்டணம், புதிதாகப் பணியில் சேர்ந்த பட்டதாரி ஒருவரின் ஓராண்டு ஊதியத்தையும் விஞ்சியது. அவ்வாண்டு வெளிநாடு சென்றோர் ஏறத்தாழ 1.28 இலட்சம் பேரே.

பெருகிய வெள்ளம்

1970களில் பெரிய விமானங்கள் வந்தன; கட்டணம் குறைந்தது. 1985இல் ஐந்து நாடுகள் செய்துகொண்ட பிளாசா உடன்படிக்கைக்குப் பின் யென்னின் மதிப்பு விரைந்து உயர்ந்தது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 240 யென் கொடுத்தவர்களுக்கு, 1987 இறுதியில் அதில் பாதியே போதுமானதாயிற்று. ஏற்றுமதியால் டாலர் குவிந்திருந்த நிலையில், வெளிநாடு செல்வோரின் எண்ணிக்கையை ஒரு கோடியாக்க அரசே திட்டம் வகுத்தது. டாலரைச் சேமிக்கப் பயணத்தைத் தடுத்த நாடு, டாலரைச் செலவிடப் பயணத்தை ஊக்குவித்தது! அவ்விலக்கு 1990இல் எட்டப்பட்டது.

வற்றிய வேகம்

அதன்பின் பொருளாதாரம் தேக்கமுற்றது; வளர்ச்சியின் வேகமும் தளர்ந்தது. இரண்டு கோடியைத் தொட 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கொரோனாப் பெருந்தொற்றால் 2021இல் அது ஏறத்தாழ ஐந்து இலட்சமாகச் சரிந்தது. 2024இல் 1.3 கோடியளவே மீண்டது. அதே ஆண்டில் ஜப்பானுக்கு வந்த அயல்நாட்டவரோ 3.6 கோடிக்கும் மேற்பட்டோர்.

இம்முரணுக்கு யென்னின் வீழ்ச்சி ஒரு முக்கியக் காரணம். 100 டாலர் வாடகையுள்ள விடுதி அறைக்கு 2019இல் ஏறத்தாழ 11,000 யென் போதுமானதாக இருந்தது. 2024இல் அதே அறைக்கு 15,000 யென் தேவைப்பட்டது. வருவோருக்கு மலிவான நாடு, புறப்படுவோருக்கு உலகை விலையுயர்ந்ததாக்கியது.

எண்கள் சொல்லாதவை

முன்கூட்டியே விசா பெறாமல் மிகப் பல நாடுகளுக்குச் செல்ல உதவும் வலிமை வாய்ந்தது ஜப்பானியக் கடவுச்சீட்டு. எனினும் அதனை வைத்திருப்போர் ஐவரில் ஒருவர்கூட இல்லை. உள்நாட்டின் அழகே போதும் என்று நிறைவடைவோரும் உளர். மொழித் தயக்கத்தால் ஒதுங்குவோரும், முதுமையால் பயணத்தைத் தவிர்ப்போரும், ஊதியம் போதாமல் விருப்பத்தை அடக்கிக்கொள்ளும் இளைஞரும் உளர். இவர்கள் அனைவரும் கணக்கில் ஒரே எண்ணாகவே தோன்றுகின்றனர். செல்ல விரும்பாமை வேறு. செல்ல இயலாமை வேறு. முன்னது ஒருவரின் தேர்வு. பின்னது அவர்மீது சுமத்தப்பட்ட எல்லை.

கதவைத் திறப்பது சட்டத்தின் பணி. ஆனால், வாயிலைக் கடக்க வருவாயும் ஓய்வும் துணிவும் வேண்டும். அவை வாய்க்காதவருக்குத் திறந்த கதவும் அடைத்த கதவே.