'ஓரமா போ'ன்னு கத்துறவங்களுக்கு என்ன பதில்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடை ஒரு தண்ணி பாட்டில்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன ஆடி மாசம், காலை ஏழேகால் மணி. தூத்துக்குடி தெற்கு பீச் ரோட்டுல இருந்து துறைமுகம் பக்கமா சைக்கிள்ல ஆபீசுக்குப் போய்ட்டிருக்கேன். பின்னாடி ஒரு கார், விடாம ஹாரன். நான் ஏற்கெனவே இடது பக்கம்தான் போறேன். கார் என்னை ஒட்டி வந்துச்சு, கண்ணாடி இறங்குச்சு. பாதி குடிச்ச தண்ணி பாட்டில் என் தோள்பட்டையில வந்து விழுந்துச்சு. "வீட்ல சொல்லிட்டு வந்தியா?"ன்னு ஒரு குரல், பின்னாடியே சிரிப்பு.

எனக்கு அடி ஒண்ணும் படல. ஆனா கை நடுங்குச்சு. அப்புறம் நான் செஞ்சதுதான் பெரிய தப்பு. துரத்திட்டுப் போனேன். வேகத்தடையில கார் மெதுவானதும் டிக்கியில ஓங்கித் தட்டினேன். ரெண்டு பேர் இறங்கி வந்தாங்க.

அந்த நேரம் உப்பளத்துக்குப் போற பெரியவர் ஒருத்தர், பழைய சைக்கிள், ஹேண்டில்ல தூக்குவாளி, எனக்கும் அவங்களுக்கும் நடுவுல வந்து நின்னார். "விடுங்க அண்ணாச்சி, வேலைக்குப் போற புள்ள"ன்னு அவங்ககிட்ட சொன்னார். என்கிட்ட, "நீ போம்மா"ன்னார். அவ்வளவுதான். கார் போயிருச்சு.

கொஞ்ச தூரம் ரெண்டு பேரும் சேர்ந்து மிதிச்சோம். அவர் சொன்னது இன்னும் காதுல இருக்கு: "நாப்பது வருசமா இந்த ஏச்சைக் கேக்கேன். ஒவ்வொருத்தன் பின்னாலயும் போனா அளத்துல யாரு வேலை பாப்பா?"

அன்னிக்கு ராத்திரி அம்மா, "சைக்கிளை வித்துட்டு ஸ்கூட்டி வாங்கு"ன்னாங்க. ரெண்டு நாள் நானும் அதைத்தான் யோசிச்சேன். அந்த யோசனையோட ஒரு பகுதிதான் இந்த எபிசோடு. இந்த வெறுப்பு எங்க இருந்து வருது? ரோட்டுல அந்த நிமிஷம் என்ன செய்யலாம்? அதுக்கப்புறம் என்ன செய்யலாம்?

சைக்கிள் மேல ஏன் இவ்வளவு கோபம்?

முதல் காரணம் அவசரம். பத்து விநாடி தாமதம்கூட ஸ்டீயரிங் பிடிச்சவங்களுக்குப் பெரிய நஷ்டமாத் தெரியும். ரெண்டாவது, ரோடு யாருக்குங்கிற எண்ணம். வண்டி வாங்கினவங்களுக்கும் வரி கட்டுறவங்களுக்கும்தான் ரோடு சொந்தம்னு ஒரு நினைப்பு. மூணாவதைப் பத்தி நாம அதிகம் பேசுறதில்ல. நம்ம ஊர்ல சைக்கிள்னா 'வசதி இல்லாதவங்க வண்டி'. ஹாரன் அடிக்கிறவர் சைக்கிளைப் பார்த்து அடிக்கல, அதுல போறவரோட அந்தஸ்தைப் பார்த்து அடிக்கிறார்.

2019ல் ஆஸ்திரேலியாவுல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. 442 பேர்கிட்ட, சைக்கிள் ஓட்டுறவங்களை எந்த அளவுக்கு முழு மனுஷங்களா நினைக்கிறீங்கன்னு படம் காட்டிக் கேட்டாங்க. ஒரு ஓரத்துல குரங்கோ பூச்சியோ, மறு ஓரத்துல மனுஷன். சைக்கிள் ஓட்டாதவங்கள்ல 55 சதவீதம் பேர், சைக்கிள் ஓட்டுறவங்களை முழு மனுஷனுக்குக் கீழதான் வச்சாங்க. சைக்கிள் ஓட்டுறவங்கள்லயே 30 சதவீதம் பேர் அப்படித்தான் வச்சாங்க! யாரெல்லாம் கீழ வச்சாங்களோ, அவங்கதான் வேணும்னே உரசுற மாதிரி ஓட்டினது, மறிச்சதுன்னு அதிகமா ஒத்துக்கிட்டாங்க.

அரசே இப்படி நினைச்ச கதையும் உண்டு. 2013ல் கொல்கத்தா போலீஸ் 174 சாலைகள்ல சைக்கிளுக்குத் தடை போட்டாங்க. போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு காரணம் சொன்னாங்க. பால்காரர், பேப்பர் போடுறவர், கூலி வேலைக்குப் போறவர் எல்லாரோட பிழைப்பும் இடைஞ்சல் கணக்குல போயிருச்சு.

நம்ம ரோட்டுல ஏன் இது உயிர்ப் பிரச்சினை?

தூத்துக்குடி ரோட்டுல ரெண்டு உலகம் ஒண்ணா ஓடுது. ஒரு பக்கம் வ.உ.சி. துறைமுகத்துக்குப் போற கண்டெய்னர் டிரெய்லர்கள், அனல்மின் நிலையத்துப் பக்கம் போற லாரிகள். இன்னொரு பக்கம் உப்பளத்துக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்கும் விடியறதுக்கு முன்னாடியே கிளம்புற சைக்கிள்கள். பல இடத்துல ரெண்டுக்கும் நடுவுல ஒரு வெள்ளைக் கோடுதான் இருக்கு.

இதுல காத்தைச் சேர்த்துக்கோங்க. ஆனி, ஆடியில மேல்காத்து எப்படி அடிக்கும்னு இங்க இருக்கவங்களுக்குத் தெரியும். தெற்க பாத்துப் போறப்ப காத்து வலது பக்கத்துல இருந்து தள்ளும். விழாம இருக்க நம்ம உடம்பு தானா வலது பக்கம் சாஞ்சிருக்கும். அப்ப ஒரு டிரெய்லர் நம்மளைத் தாண்டுதுன்னு வைங்க. அந்த நீளமான பெட்டி காத்தை மறைச்சிரும். தள்ளிட்டிருந்த காத்து திடீர்னு இல்ல, ஆனா நாம சாஞ்சபடியே இருக்கோம். அதனால சைக்கிள் டிரெய்லர் பக்கமாத்தான் போகும். வண்டி தாண்டினதும் காத்து மறுபடி ஓங்கி அடிச்சு இடது பக்கம் மணல்ல தள்ளும். இதெல்லாம் ரெண்டு மூணு விநாடியில முடிஞ்சிரும். ஓட்டுறவர் 'சும்மா ஒட்டித்தானே போனேன்'னு நினைக்கிறது நமக்கு இப்படித்தான் முடியுது.

அதனாலதான் சில நாடுகள்ல எவ்வளவு இடைவெளி விடணும்னு சட்டத்துலயே அளவு போட்டிருக்காங்க. ஸ்பெயின்ல 1.5 மீட்டர். ஜெர்மனியில 2020ல் இருந்து ஊருக்குள்ள 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர்.

இந்தியாவுல 2022ஆம் ஆண்டு மட்டும் சாலை விபத்துல இறந்த சைக்கிள் ஓட்டிகள் 4,000 பேருக்கு மேல. எல்லாமே வெறுப்பால நடந்ததுன்னு சொல்ல வரல. ஆனா 'இவன் ஒதுங்கிக்குவான்'ங்கிற நினைப்போட ரோட்டுல போற ஒரு டிரெய்லர், வெறுப்பு இல்லாமலே ஆளைக் கொன்னுரும்.

அந்த நிமிஷம் என்ன செய்யணும்?

என் தப்புல இருந்தே சொல்றேன்.

ஒண்ணு, துரத்தாதீங்க. அவங்ககிட்ட ஒரு டன் இரும்பு இருக்கு, நம்மகிட்ட இருக்கது பெடல். நான் டிக்கியில தட்டினப்ப, பாட்டில் எறிஞ்சவங்களோட தப்பு காணாமப் போய், 'கார்ல தட்டினவ' தப்பு மட்டும்தான் மிஞ்சுச்சு. நியாயம் நம்ம பக்கம் இருக்கப்ப அதைக் கைவிடக் கூடாது.

ரெண்டு, நில்லுங்க. பாதுகாப்பா ஓரங்கட்டி, காலை ஊன்றி, மூச்சு விடுங்க. கை நடுங்குறப்ப பிரேக் சரியாப் பிடிக்க வராது. யாராவது தொடர்ந்து வந்து தொல்லை கொடுத்தா ஆள் இருக்க இடத்துக்குப் போங்க. டீக்கடை, பெட்ரோல் பங்க், எதுவானாலும் சரி.

மூணு, வண்டி நம்பர். திட்டு வாங்குற நேரத்துல மனசுல நிக்காது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. நின்னதும் போன்ல குரலாப் பதிவு பண்ணுங்க: நம்பர், நேரம், இடம், என்ன நடந்துச்சு.

நாலு, ரொம்ப ஓரமாப் போகாதீங்க. 'ஓரமா போ'ன்னு கத்துறவங்களுக்கு ஓரத்துல என்ன இருக்குன்னு தெரியாது. மணல், கண்ணாடிச் சில்லு, உடைஞ்ச தார். இடது பக்கமாத்தான் போகணும், அதுல மாத்தம் இல்ல. ஆனா தார் விளிம்புல இருந்து ஒரு கை நீளம் உள்ள தள்ளிப் போனா, குழி வந்தா விலக இடம் இருக்கும். பின்னாடி வர்றவங்களுக்கும் நீங்க தெளிவாத் தெரிவீங்க.

அஞ்சு, டிரெய்லரோட இடது பக்கம் நுழையவே கூடாது. அது இடது பக்கம் திரும்புறப்ப முன்சக்கரம் போன தடத்துல பின்சக்கரம் வராது, மூலையை அறுத்துக்கிட்டு உள்ளே வரும். அந்தப் பக்கம் டிரைவர் கண்ணுக்கும் மறைவு. அவர் கண்ணாடியில உங்களுக்கு அவர் முகம் தெரியலைன்னா, அவருக்கு உங்களையும் தெரியாது.

ஆறு, நல்லா ஓட்டுறவங்களுக்குக் கை காட்டுங்க. திரும்புறதுக்கு முன்னாடி திரும்பிப் பார்த்து சைகை கொடுங்க. இடம் விட்டுப் போன லாரிக்கு ஒரு கையை உயர்த்துங்க. அந்த டிரைவருக்கு நீங்க ஒரு முகமாத் தெரியுறீங்க. டிரிப் கணக்குல ஓடிட்டு, ராத்திரி முழுக்க கேட்ல காத்துக்கிடந்துட்டு வர்றவர் அவர்.

நம்ம பக்கத்துத் தப்பையும் ஒத்துக்கணும். எதிர்த்திசையில வர்றது, இருட்டுல லைட் இல்லாமப் போறது, காதுல இயர்போன். இதை நிறுத்தினா வெறுப்பு நின்னுரும்னு சொல்ல மாட்டேன். நாம உயிரோட இருக்க இது உதவும், அவ்வளவுதான்.

இங்க ஒரு சுவாரஸ்யமான விஷயம். இங்கிலாந்துல இயன் வாக்கர்னு ஒரு உளவியல் ஆய்வாளர் தன் சைக்கிள்ல சென்சார் மாட்டி, தன்னைத் தாண்டின சுமார் 2,500 வண்டிகளோட இடைவெளியை அளந்தார். 2007ல் வெளிவந்த அந்த ஆய்வுல, அவர் ஹெல்மெட் போட்டிருந்தப்ப வண்டிகள் சராசரியா 8.5 சென்டிமீட்டர் கூடுதலா நெருங்கி வந்துச்சு. நீளமான விக் வச்சு, பின்னாடி இருந்து பார்த்தா பெண் மாதிரித் தெரிஞ்சப்ப, 14 சென்டிமீட்டர் கூடுதலா இடம் விட்டாங்க. ஹெல்மெட்டைக் கழட்டுங்கன்னு சொல்லல! நம்மளை யாருன்னு நினைக்கிறாங்களோ அதைப் பொறுத்து ஸ்டீயரிங் திரும்புதுங்கிறதுதான் விஷயம்.

புகார் கொடுத்தா ஏதாவது நடக்குமா?

உடனடி ஆபத்துன்னா 112. பெண்களுக்கு 181 உதவி எண்ணும் இருக்கு. சட்டத்துலயும் பிடிமானம் உண்டு. பொதுச் சாலையில உயிருக்கு ஆபத்தா ஓட்டினா பாரதிய நியாய சன்ஹிதா 281ஆவது பிரிவு, ஆறு மாசம் வரை சிறை. மோட்டார் வாகனச் சட்டம் 184ஆவது பிரிவுலயும் ஆபத்தா ஓட்டினதுக்கு அபராதமும் சிறையும் இருக்கு. பெண்ணை அவமதிக்கிற சொல், சைகைக்கு 79ஆவது பிரிவு. காதைக் கிழிக்கிற பல சுருதி ஹாரனே மத்திய மோட்டார் வாகன விதி 119ன்படி தப்பு.

எல்லாப் புகாரும் வழக்காகும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரே இடம், ஒரே நேரம்னு நாலு புகார் எழுத்துல இருந்தா, அங்க ஒரு போலீஸ்காரரையோ வேகத்தடையையோ கேக்க நமக்கு ஒரு காகிதம் இருக்கும். லாரின்னா பக்கவாட்டுல கம்பெனி பேரும் போன் நம்பரும் இருக்கும். நான் ஒரு தடவை கூப்பிட்டேன். திட்டாம, நேரம், இடம், வண்டி நம்பர் மட்டும் சொன்னேன். எடுத்தவர் முதல்ல சலிச்சுக்கிட்டார், அப்புறம் டிரைவர்கிட்ட பேசுறேன்னார். பேசினாரான்னு தெரியாது. அந்த வண்டி அதுக்கப்புறம் என்னை ஒட்டி வரல.

புதுக்கோட்டையில நடந்தது

கடைசியா, நம்ம மாநிலத்துக் கதை. 1990களோட ஆரம்பத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் எழுத்தறிவோட சேர்த்து சைக்கிளும் கத்துக்கொடுத்துச்சு. அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அதுக்குப் பின்னாடி நின்னாங்க. கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினப்ப வந்த கேலியும் அசிங்கமான பேச்சும் கொஞ்சம் இல்ல. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவா எழுதியிருக்கார். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளியில சைக்கிள் ஓட்டிக் காட்டினாங்கன்னு அவர் பதிவு பண்றார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதப்ப பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிள்லயே போனாங்க. அந்தக் குறுக்குக் கம்பியில பிள்ளையை உட்கார வைக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு.

அவங்க யாரும் கேலி பண்ணினவங்களை ஒவ்வொருத்தரா வாதாடி ஜெயிக்கல. தெருவுல ஒரு பெண் சைக்கிள் ஓட்டினா வேடிக்கை. ஆயிரம் பேர் ஓட்டினா அது போக்குவரத்து. இதுக்கு எண்ணிக்கையிலயும் ஆதாரம் இருக்கு. 2003ல் ஜேக்கப்சன்ங்கிற ஆய்வாளர் பல ஊர்களோட தரவுகளைப் பார்த்து, சைக்கிள் ஓட்டுறவங்க கூடக்கூட ஒவ்வொருத்தருக்கும் இருக்கிற ஆபத்து குறையுதுன்னு காட்டினார். ஓட்டுநர்களோட கண்ணு சைக்கிளை எதிர்பார்க்கப் பழகிருது.

நான் சைக்கிளை விக்கல. அம்மாவுக்கு இன்னும் முழு சம்மதம் இல்ல. ஆபீஸ்ல இன்னும் ரெண்டு பேர் சேர்ந்திருக்காங்க, வாரத்துல மூணு நாள் ஒண்ணாப் போறோம். வழியில உப்பளத்துக்குப் போறவங்களோட சேர்ந்துக்குவோம். ஒரு விஷயம் மட்டும் உறுத்திட்டே இருக்கு. எனக்கு ஸ்கூட்டி வாங்குற வழி இருக்கு. அந்தப் பெரியவருக்கு இல்ல. சைக்கிள் பாதை கேக்குறப்ப, ஹெல்மெட் போட்ட நம்மளுக்காக மட்டும் கேட்டா அது பாதிக் கோரிக்கைதான். அவருக்கு எந்த ரோட்டுல, எத்தனை மணிக்கு வெளிச்சம் வேணும்னு முதல்ல கேட்டுட்டு அப்புறம் மாநகராட்சிக்கு மனு எழுதுவோம். எங்க மனு இன்னும் எழுதி முடியல. அவர்கிட்ட கேக்க வேண்டிய கேள்விகள் பாக்கி இருக்கு.

உங்க ஊர் ரோட்டுல என்ன நடக்குதுன்னு குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம். பார்த்துப் போங்க.