விலை போகும் கருவியே சோறு போடும் கருவி

‘கீபோர்ட் விற்பனைக்கு. நல்ல நிலையில் உள்ளது. அவசரம்.’

வாட்ஸ்அப் குழுக்களிலும் முடா, கரோசல் போன்ற இணையச் சந்தைகளிலும் இப்படியோர் அறிவிப்பை நாம் பார்க்காமல் இருந்திருக்க மாட்டோம். படத்தில் கருவி மட்டும்தான் தெரியும். வாங்க நினைப்பவர் விலையைப் பார்ப்பார். ‘அவசரம்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வீட்டு வாடகையோ, கார் தவணையோ, பிள்ளையின் பள்ளிச் செலவோ இருக்கும். அதை யாரும் கேட்பதில்லை. விற்பவரும் சொல்வதில்லை.

நம் சமூகத்தில் மேடை ஏறி வாசிக்கும் கலைஞர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. திருமணம், கோயில் திருவிழா, அரங்கேற்றம், வகுப்பு என்று வருவதுதான் வருமானம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது இவர்களுக்கு வெறும் பழமொழி இல்லை. வைகாசி, ஆவணி என்றால் வாரக் கடைசியில் ஓய்வே இருக்காது. ஆடியும் மார்கழியும் வந்தால் கல்யாண மண்டபங்கள் காலி, கைப்பேசியும் அமைதி. வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் வரும்.

வழக்கமான இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கத் தெரிந்தவர்களையே கொவிட் காலம் கவிழ்த்துவிட்டது. 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரும் அடைந்தது. 2021 தைப்பூசத்தில் பத்துமலையில் காவடி எடுக்க அனுமதி இல்லை. காவடி இல்லையென்றால் உறுமி மேளத்துக்கு வேலை இல்லை. சிங்கப்பூரில் தகுதிபெற்ற சுயதொழில் செய்வோருக்கு அரசு மூன்று தவணைகளில் தலா 3,000 வெள்ளி வழங்கியது. மலேசியாவில் ஊழியர் சேமநிதியிலிருந்து மாதம் 500 ரிங்கிட் வரை எடுக்க ஐ-லெஸ்தாரி திட்டம் வழிவிட்டது. ஆனால், சேமநிதியில் பணம் போட்டவர்தானே எடுக்க முடியும்? இரவு நிகழ்ச்சி முடிந்து உறையில் பணம் வாங்கிப் பழகிய கலைஞர் பலருக்கு அந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை. வீட்டு மூலையில் உறைக்குள் கிடந்த கருவிதான் அவர்களுடைய சேமநிதி.

எது விலை போகும்?

கஷ்டம் வந்தால் நம் குடும்பங்கள் முதலில் தேடுவது நகையை. அதில் ஒரு வசதி உண்டு. மலேசியச் சட்டப்படி அடகுக் கடை மாதத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. மீட்க ஆறு மாதம் அவகாசம் உண்டு. 1,000 ரிங்கிட்டுக்கு மாதம் 20 ரிங்கிட் வட்டி. சிரமம் தீர்ந்ததும் அதே சங்கிலி அதே கழுத்துக்குத் திரும்பிவிடும்.

கருவிக்கு அந்த வசதி இல்லை. அடகுக் கடைக்காரர் தங்கத்தை எடைபோட்டு நிமிடத்தில் மதிப்புச் சொல்வார். வீணையை அவர் என்ன செய்வார்? ஆகவே கருவியென்றால் பெரும்பாலும் விற்பனைதான். ஒருமுறை போனால் போனதுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மனத்துக்கு மிக நெருக்கமான கருவிதான் சந்தையில் மிகக் குறைவாகப் போகும். தஞ்சாவூர் வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். பலா மரத்தில் கையால் செதுக்கி, 24 மெட்டுகளை மெழுகில் பதித்து, ஒவ்வொரு சுரத்தையும் காதால் சரிபார்த்துச் செய்யப்படுவது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கருவி. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் அதே குறியீடு கிடைத்தது. அதற்கு முதிர்ந்த ஆச்சா மரம் வேண்டும். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் மரத்தைத் தேடி வாங்கிக் கடைவார்கள். இவ்வளவு உழைப்பில் உருவாகிக் கடல் கடந்து கிள்ளானுக்கோ ஈப்போவுக்கோ வந்த கருவியை இங்கே இரண்டாம் கையாக வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? வாசிப்பவர் குறைவு. மெட்டு தளர்ந்தால் சரிசெய்யத் தெரிந்தவர் அதைவிடக் குறைவு. கிடைக்கும் விலை அவற்றின் அருமைக்குச் சற்றும் பொருந்தாது.

கீபோர்ட், கித்தார், ஒலிபெருக்கி ஆகியவற்றின் கதை வேறு. எல்லா இனத்தவரும் வாங்குவார்கள். நிறுவனத்தின் பெயரும் மாடல் எண்ணும் தெரிந்தால் போதும், விலை இணையத்திலேயே தெரிந்துவிடும். காலையில் படம் போட்டால் மாலையில் ஆள் வந்துவிடும்.

ஆனால் கல்யாண மேடையில் வருமானம் தருவதும் அந்தக் கீபோர்டுதான். சீக்கிரம் விலை போகும் கருவியே சோறு போடும் கருவியாகவும் இருக்கிறது. பண நெருக்கடியில் இசைக்கலைஞர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4,000 ரிங்கிட்டுக்கு வாங்கிய கீபோர்டை ஒருவர் அவசரத்துக்கு 2,000 ரிங்கிட்டுக்குக் கொடுக்கிறார் என்று வையுங்கள். ஒரு நிகழ்ச்சிக்கு அவருக்கு 400 ரிங்கிட் என்றால், கைக்கு வந்தது ஐந்து நிகழ்ச்சிப் பணம். ஆவணியில் வேலை திரும்பும்போது கையில் கருவி இல்லை. வாடகைக்கு எடுத்தால் ஒவ்வோர் இரவும் வருமானத்தில் ஒரு பங்கு போகும். புதிதாக வாங்கப் போனால் பழைய விலையும் இருக்காது. விற்ற அன்று அடைத்த ஓட்டை, வேலை வரும் அன்று பெரிதாகத் திறக்கிறது.

ஒரு படி இறங்கினால்?

முழுவதுமாக விற்றுவிடுவதற்கும் அப்படியே வைத்திருப்பதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு. நல்லதைக் கொடுத்துவிட்டு எளியதை வாங்கிக்கொள்வது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜாஸ் இசையின் மாமேதைகளில் ஒருவரான சார்லி பார்க்கர் தம் சாக்சபோனை அடகு வைப்பதும் மீட்பதுமாகவே காலம் தள்ளியவர். 1953 மே 15ஆம் தேதி கனடாவின் டொராண்டோ நகரில் மாஸி ஹால் மேடையில் அவர் வாசித்தது பிளாஸ்டிக் சாக்சபோன். பித்தளைக் கருவியைவிட மலிவாக இங்கிலாந்தில் தயாரான ‘கிராஃப்டன்’. டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்லஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் ஆகியோருடன் அவர் வாசித்த அந்த இரவின் ஒலிப்பதிவை ஜாஸ் ரசிகர்கள் இன்றும் கேட்கிறார்கள். அந்த பிளாஸ்டிக் கருவி 1994இல் லண்டன் ஏலத்தில் 93,500 பவுனுக்குப் போனது.

பார்க்கருக்குச் சரிப்பட்டது எல்லாருக்கும் எல்லாக் கருவிக்கும் சரிப்படாது. எந்தக் கருவியில் எவ்வளவு இறங்கலாம் என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

வயலினில் இறங்க இடம் உண்டு. மாணவர்களுக்கான வயலினில் நல்ல தந்திகளைப் போட்டு, பாலத்தைச் சரியாக அமைத்துக்கொண்டால் சாதகத்துக்கும் சிறு கச்சேரிக்கும் தாங்கும். நாதம் சற்று மெலியும். ஆனால் விரல் பழக்கம் கெடாது.

கீபோர்டில் 76 கட்டைகளிலிருந்து 61 கட்டைகளுக்கு இறங்கினால் சினிமாப் பாடல்களுக்குப் பெரிய குறை தெரியாது. தபலா, டோலக் தாளங்களோடு வரும் எளிய வகைகளும் உண்டு. உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பாடலுக்கும் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அமைத்துச் சேமித்த ஒலிகள் கருவியோடு போய்விடும். விற்பதற்கு முன் அவற்றை யுஎஸ்பியில் நகலெடுத்து வையுங்கள். பிறகு அதே நிறுவனத்தின் பொருந்தும் மாடல் கிடைத்தால் அந்த உழைப்பு மிஞ்சும்.

மிருதங்கக் கலைஞரிடம் இரண்டு மிருதங்கம் இருந்தால், ‘ஒன்றைக் கொடுத்தால் என்ன?’ என்று வெளியே இருப்பவர் கேட்கலாம். ஆண் குரலின் தணிந்த சுருதிக்கு ஒன்று, பெண் குரலின் உயர்ந்த சுருதிக்கு இன்னொன்று. ஒரு கட்டையில் பாடுபவருக்கு வாசிக்கும் மிருதங்கத்தை ஐந்து கட்டைக்கு ஏற்ற முடியாது. ஒன்றை விற்றால் பாதிப் பாடகர்களின் அழைப்பை விற்றது மாதிரி.

வீணையில் இறங்கவே வழியில்லை. தந்தியை இழுத்துப் பிடிக்கும் கமகத்தைக் கீபோர்டின் கட்டையில் வாசிக்க முடியாது. வீணை போனால் விரலின் பழக்கமும் மெல்லப் போய்விடும். விலையும் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதால், வீணையைக் கடைசிவரை தொடாமல் இருப்பதே நல்லது.

விற்பதற்கு முன்

விற்றே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், எதை முதலில் கொடுப்பது என்று வரிசை போடுங்கள். இரண்டாவது ஒலிபெருக்கி, பயன்படாத மிக்சர், கூடுதல் மைக், எப்போதோ வாங்கிய மின்சாரக் கித்தார் ஆகியவை முதலில் போகட்டும். தினம் கை வைக்கும் கருவி கடைசியில்.

விற்பதைவிட வாடகைக்கு விடுவது மேல். ஒலி அமைப்புச் சாதனங்களைப் பிறந்தநாள், குடிபுகுவிழா என்று சின்ன நிகழ்ச்சிகளுக்கு விடலாம். முன்பணம் வாங்குங்கள். கொடுக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

தெரியாதவருக்கு விற்பதற்கு முன் சக கலைஞர்களைக் கேளுங்கள். ‘ஆறு மாதத்தில் நானே இதே விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்’ என்று பேசி, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அடகுக் கடை தராத வசதியை ஒரு நண்பர் தரக்கூடும்.

வேலை நிறைய இருக்கும் மாதங்களில் ஒவ்வோர் உறையிலிருந்தும் சிறு தொகையை ஒதுக்கினால் ஆடி மாதம் அவ்வளவு சுடாது. சுயதொழில் செய்வோர் தாமாகவே சேமநிதியில் பணம் போட ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. தகுதி உள்ளவர்களுக்கு அரசு ஊக்கத்தொகையும் சேர்க்கிறது. இசைக்கலைஞருக்கும் அது பொருந்தும் என்பதை இளையவர்கள் மூத்தவர்களிடம் எடுத்துச் சொல்லி, பதிவு செய்ய உதவலாம்.

அழைப்பவர் கையில் இருப்பது

கல்யாணச் செலவில் சாப்பாட்டுக்கும் மண்டபத்துக்கும் முன்கூட்டியே பணம் கட்டுகிறோம். இசைக்குழுவிடம் மட்டும், ‘அண்ணே, அடுத்த வாரம் பாத்துக்கலாமா?’ என்கிறோம். அந்த ஒரு வாரம் நமக்குச் சாதாரணம். அவருக்கு அது தவணை தேதி. பேசிய நாளில் முன்பணம், வாசித்த இரவில் மீதி என்று கொடுத்தால் போதும். ‘அவசரம்’ என்ற அறிவிப்புகளில் சில குறையும்.

இரண்டாம் கைக் கருவி வாங்கப் போகிறீர்களா? விற்பவர் கலைஞர் என்று தெரிந்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். பிறகு நீங்கள் விற்க நேர்ந்தால் முதலில் அவரிடம் கேட்பதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். அதற்குக் காசு செலவில்லை.

நம் வீடுகளிலேயே சும்மா கிடக்கும் கருவிகளும் உண்டு. மகள் எட்டு வயதில் ஆறு மாதம் கற்ற வீணை, தம்பி படிவம் மூன்றோடு விட்ட மிருதங்கம், கட்டிலுக்கு அடியில் தூசி படிந்த கீபோர்ட். நம் ஊர் ஈரக்காற்றில் தந்தி துருப்பிடிக்கிறது, தோலில் பூஞ்சை ஏறுகிறது. அதைத் துடைத்து, பக்கத்துக் கோயிலில் வாசிப்பவருக்கோ வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கோ ஆறு மாதம் இரவல் கொடுக்கலாம். வாசிக்க வாசிக்கத்தான் கருவி நன்றாக இருக்கும். திரும்பி வரும்போது, நீங்கள் கொடுத்ததைவிட நல்ல நிலையில் வர வாய்ப்பு அதிகம்.