வன்முறைச் சித்திரிப்பும் வாசகர் பிளவும்: 'பிளட் மெரிடியன்' புதினத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

ஒரு படைப்பை ஒரு வாசகர் தலைசிறந்ததெனப் போற்ற, அவருக்கு இணையான பயிற்சியுடைய மற்றொருவர் பாதியில் மூடி வைத்துவிடுவது இலக்கிய உலகில் புதிதன்று. ஆயினும், அப்பிளவு சுவை வேறுபாட்டினால் மட்டும் எழுவதா, படைப்பின் அமைப்பே அதனைத் தோற்றுவிக்கிறதா என்பது ஆராயத்தக்கது. அமெரிக்க எழுத்தாளர் கோர்மக் மெக்கார்த்தி (1933–2023) 1985இல் வெளியிட்ட 'பிளட் மெரிடியன்' என்னும் புதினம் இவ்வினாவிற்கு ஏற்ற சான்றாகும். அதன் வன்முறைச் சித்திரிப்பு வாசகரை ஏன் இரு கூறாக்குகிறது என்பதை விளக்க இக்கட்டுரையில் முனைகின்றோம்.

புதினமும் வரலாற்றுப் பின்னணியும்

'வெஸ்டர்ன்' என வழங்கும் அமெரிக்க மேற்குநிலப் புதின வகைக்கு ஓவன் விஸ்டர் 1902இல் எழுதிய 'தி வர்ஜீனியன்' முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. அவ்வகைப் புதினங்களில் துப்பாக்கி பெரும்பாலும் அறத்தின் கருவியாகவே அமையும். தீயவன் வீழ்வான், சட்டமில்லா நிலத்தில் ஒழுங்கு பிறக்கும். மெக்கார்த்தியின் புதினம் அதே நிலத்தையும் குதிரைகளையும் துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டு, இந்த அற ஒழுங்கை மட்டும் நீக்கிவிடுகிறது.

அமெரிக்க–மெக்சிகோ போர் 1848இல் முடிவுற்றபின், மெக்சிகோவின் சிவாவா மாநில அரசு அப்பாச்சி மக்களின் தலைத்தோலுக்கு விலை கொடுத்தது. அப்பணத்திற்காகக் கொலைத்தொழில் புரிந்த ஜான் கிளாண்டன் என்பவனின் கூட்டம் வரலாற்றில் இருந்ததேயாகும். 1850இல் கொலராடோ ஆற்றின் யூமா துறையில் கிளாண்டன் கொல்லப்பட்டான். அக்கூட்டத்தில் தாம் இருந்ததாக எழுதிய சாமுவேல் சேம்பர்லேனின் நினைவுக்குறிப்பு 1956இல் நூலாக வெளிவந்தது. புதினத்தில் 'நீதிபதி' எனப்படும் ஹோல்டன் என்னும் மாந்தனின் மூலவடிவம் அக்குறிப்பிலேயே காணப்படுகிறது. டென்னசியிலிருந்து பதினான்கு வயதில் வீட்டைவிட்டு ஓடும், பெயர் சுட்டப்படாத சிறுவன் ஒருவன் இக்கூட்டத்தில் சேர்வதே கதையின் இழை.

மறுப்போர் கூறுவன

இப்புதினத்தை ஏற்காதோரின் மறுப்புகளை மூவகைப்படுத்தலாம். முதலாவது, மிகுதி பற்றியது. கொலைக்குப்பின் கொலை எனத் தொடரும் நிகழ்ச்சிகள் உணர்வை மரத்துப்போகச் செய்கின்றன என்பர். இரண்டாவது, நடை பற்றியது. குருதிக் காட்சிகளை மறைநூல் ஒலிநயத்துடன் எழுதுவது கொடுமைக்கு அழகு பூட்டுவதாகும் என்பது இம்மறுப்பின் சாரம். மெக்கார்த்தியின் மொழியாற்றலை ஒப்புக்கொண்ட திறனாய்வாளர் ஜேம்ஸ் வுட்டும் அந்நடையின் மிகையைக் கடிந்துள்ளார். மூன்றாவது, எவர் மனிதராகக் காட்டப்படுகின்றனர் என்பது பற்றியது. கொல்வோருக்கு உரையாடல் உண்டு. கொல்லப்படும் பழங்குடியினருக்கும் மெக்சிகோ நாட்டு ஊராருக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் குரலே இல்லை. இம்மூன்றனுள் இறுதியதே வலிமை மிக்கது என்பது எம் கருத்து.

ஏற்போர் கூறுவன

ஏற்போர், இக்கொடுமைகள் ஆசிரியரின் கற்பனைக் களிப்பில் மட்டும் பிறந்தவையல்ல என்பர். தலைத்தோலுக்கு அரசே விலை கொடுத்ததும், விலைக்காக அப்பாவி ஊரார் கொல்லப்பட்டதும் பதிவானவை. மேற்கு நிலத்தைப் பற்றிய வீரத் தொன்மம் மறைத்ததையே புதினம் வெளிப்படுத்துகிறது என்பது அவர்தம் வாதம்.

இங்கு ஹெரால்ட் புளூம் என்னும் திறனாய்வாளரின் பட்டறிவு பெரிதும் நோக்கத்தக்கது. இப்புதினத்தின் தலைசிறந்த ஆதரவாளராக விளங்கிய அவரே, முதல் இரு முயற்சிகளில் இதன் படுகொலைக் காட்சிகளைத் தாங்கவியலாது வாசிப்பைக் கைவிட்டதாகக் குறிப்பிட்டுள்ளார். எனவே, நூலை மூடிவைப்பவர் பயிற்சி குறைந்தவர் என்று கருதுவது பொருந்தாது. அருவருப்பும் வியப்பும் ஒரே வாசகரிடத்திலேயே வெவ்வேறு காலங்களில் தோன்றக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

பிளவின் காரணம்

2006இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் நூல் மதிப்புரைப் பகுதி, முந்தைய இருபத்தைந்து ஆண்டுகளின் சிறந்த அமெரிக்கப் புதினம் எதுவெனப் பலரிடம் கருத்துக் கேட்டது. டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) முதலிடம் பெற, 'பிளட் மெரிடியன்' அடுத்த நிலையில் இருந்த சில நூல்களுள் ஒன்றாயிற்று. 'பிலவ்ட்' புதினத்திலும் தாங்கவொண்ணாக் கொடுமை உண்டு: தாய் தன் குழந்தையை அடிமை வாழ்வினின்று காக்கத் தானே கொல்கிறாள். ஆனால், அங்கு அத்தாயின் நெஞ்சுக்குள் நாம் அனுமதிக்கப்படுகின்றோம். அவள் துயரம் நமக்குப் பற்றுக்கோடாகிறது. மெக்கார்த்தியோ அக்கதவை ஏறத்தாழ முற்றாகவே அடைத்துவிடுகிறார். சிறுவன் என்ன எண்ணினான் என்பதை அவர் பெரும்பாலும் கூறுவதில்லை. பாறையும் கதிரவனும் பிணமும் ஒரே நடையில், ஒரே எடையுடன் வருணிக்கப்படுகின்றன. இரங்கு என்றோ வெறுத்திடு என்றோ ஆசிரியர் நமக்குச் சொல்வதில்லை.

தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளை இங்கு அளவுகோலாகக் கொண்டால் இந்நிலை தெளிவாகும். நிகழ்ச்சி அச்சத்தையும் இளிவரலையும் எழுப்புகிறது. அதனைச் சொல்லும் மொழியோ மருட்கையை எழுப்புகிறது. இவற்றை இணைக்கவல்ல அழுகைக்கு நூலில் இடம் மிகக் குறைவு. ஆகவே, நிகழ்ச்சியில் நிலைக்கும் வாசகர் விலகுகிறார். மொழியில் நிலைக்கும் வாசகர் ஈர்க்கப்படுகிறார். இருவரும் நூலில் உள்ளதையே உணர்கின்றனர்.

சொல்லப்படாத கொலை

போரையே தெய்வமெனக் கூறும் ஹோல்டனின் வாதத்திற்கு நூலில் வெற்றிகரமான மறுமொழி இல்லை என்பது உண்மையே. எனினும், வேறெவரும் முன்வராதபோது சிறுவன் காயமுற்ற தோழனின் உடலிலிருந்து அம்பை நீக்குகிறான். கொல்லுமாறு விடப்பட்ட ஒருவனைக் கொல்லாது மறைத்துவிட்டுச் செல்கிறான். இச்சிறு இரக்கச் செயல்களை ஆசிரியர் விளக்கமின்றிக் கடந்து செல்கிறார். வாசகரே அவற்றைக் கண்டெடுக்க வேண்டும்.

முடிவும் கருதத்தக்கது. 1878இல் டெக்சஸ் மாநிலத்தின் கிரிஃபின் கோட்டையில், நடுவயதினனாகிவிட்ட அவனை ஹோல்டன் சந்திக்கிறான். அதன்பின் நிகழ்ந்தது நமக்குக் காட்டப்படுவதில்லை. அதனை எட்டிப்பார்த்தவரின் திகைப்பு மட்டுமே காட்டப்படுகிறது. எதையும் மறைக்காத நூல் இறுதியில் ஒன்றை மறைக்கிறது. கண்டு பழகிய வாசகர் அதனைத் தாமே கற்பனை செய்யத் தொடங்குகிறார். வன்முறையைக் காண விரும்பும் தம் ஆவலை அவர் அப்போது அறிந்துகொள்கிறார். உணர்வு மரத்துப்போகும் என்னும் மறுப்பிற்கு நூல் தரும் விடை இதுவே எனலாம்.

முடிவுரை

இத்தகைய நூலை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர், அதன் பெருமையை முன்கூட்டியே அறிவித்து மாணவரின் அருவருப்பை வாயடைக்கச் செய்தல் தகாது; அருவருப்பையே தீர்ப்பாகக் கொண்டு நூலை ஒதுக்குதலும் தகாது. எந்தப் பக்கத்தில் நூலை மூடத் தோன்றியது, அப்பக்கத்தின் மொழி எத்தகையது, அங்கு எவருடைய குரல் கேட்கவில்லை என்னும் வினாக்களே பயன் தருவன. குரலற்றோர் பற்றிய மறுப்பு இன்னும் விடை பெறவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும். அதனை ஒப்புக்கொண்டே இப்புதினத்தைப் பயில்வது நேர்மையான வாசிப்பாகும்.