ட்ரோனின் பறப்பு நேரமும் பேட்டரியின் எடையும்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் உயரத்திலிருந்து பார்த்து ஆராய வேண்டியவை மிகுதி. ஏறத்தாழ 59 மீட்டர் உயரமுள்ள ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தின் சுதைச் சிற்பங்களில் விரிசல் விழுந்திருக்கிறதா, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லால் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் விமானத்தில் அரிப்பு எவ்வளவு பரவியிருக்கிறது, தென்னேரி போன்ற பெரிய ஏரிகளின் கரையும் மதகும் மழைக்காலத்தைத் தாங்குமா என்பவற்றை அறிவதற்குச் சாரம் கட்டியும் கரைநெடுக நடந்தும் செய்துவந்த வேலையை, கேமரா பொருத்திய ட்ரோன் சில மணி நேரத்தில் செய்து முடிக்கும். ஆனால் பல சுழலிகளால் எழும்பிப் பறக்கும் சிறிய ட்ரோன்கள் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடங்களுக்குள் தரையிறங்க வேண்டியிருப்பதால், இன்னொரு பேட்டரியைச் சேர்த்துக் கட்டினால் பறப்பு நேரம் இரட்டிப்பாகுமே என்ற எண்ணம் அவற்றைக் கையாளும் பலருக்கும் இயல்பாகவே எழுகிறது. சேர்த்தால் நேரம் கூடும் என்பது உண்மை. ஆயினும் அது எதிர்பார்க்கும் அளவுக்குக் கூடுவதில்லை என்பதும், ஓர் எல்லைக்கு மேல் குறையவும் தொடங்கும் என்பதும் இயற்பியல் விதிக்கும் வரம்புகள்.

பேட்டரியில் அடங்கியுள்ள ஆற்றல் ‘வாட் மணி’ என்ற அலகால் அளக்கப்படுகிறது. 60 வாட் மணி கொண்ட பேட்டரி, 60 வாட் திறனை ஒரு மணி நேரமோ 120 வாட் திறனை அரை மணி நேரமோ வழங்க வல்லது. சுழலிகள் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளி அதன் எதிர்விசையால் ட்ரோனை அந்தரத்தில் நிறுத்துகின்றன. அதற்குத் தேவைப்படும் திறன் எடைக்கு நேர்விகிதத்தில் உயராமல், எடையின் ஒன்றரை அடுக்குக்கேற்ப உயர்கிறது. எளிமையாகச் சொன்னால், மொத்த எடை 30 விழுக்காடு கூடும்போது அந்தரத்தில் நிற்கத் தேவையான திறன் ஏறத்தாழ 48 விழுக்காடு கூடிவிடுகிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பேட்டரி நீங்கலாக 700 கிராம் எடையும், 60 வாட் மணி கொண்ட 300 கிராம் பேட்டரியும் உடைய ட்ரோன் ஒன்று, அந்தரத்தில் நிற்க 150 வாட் செலவிடுகிறது எனக் கொண்டால், அது 24 நிமிடம் பறக்கும். அதே அளவில் இரண்டாவது பேட்டரியைச் சேர்த்தால் ஆற்றல் இரு மடங்காகி 120 வாட் மணியாகிறது. ஆனால் எடை 1,300 கிராம் ஆவதால் தேவையான திறன் ஏறத்தாழ 222 வாட்டாக உயர்ந்து, பறப்பு நேரம் 48 நிமிடம் ஆகாமல் 32 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மூன்றாவது பேட்டரி அதை ஏறத்தாழ 36 நிமிடமாக்குகிறது. அதாவது இரண்டாவது பேட்டரி 8 நிமிடம் ஈட்டித் தந்த இடத்தில் மூன்றாவது 3 நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக மட்டும் தருகிறது. பேட்டரியின் எடை ட்ரோனின் மற்ற எடையைப் போல் இரு மடங்காகும் நிலையில் பறப்பு நேரம் உச்சத்தை எட்டுகிறது. அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு கிராமும் நேரத்தைக் குறைக்கவே செய்யும். பாத யாத்திரை செல்பவர் தோளில் கட்டுச்சோற்று மூட்டையைப் பெருக்கிக்கொண்டே போனால், உண்பதில் பெரும்பகுதி அம்மூட்டையைச் சுமப்பதற்கே செலவாகிவிடும் நிலை இது.

இந்தக் கணக்கு கூறும் உச்சத்தைக்கூட நடைமுறையில் எட்ட முடியாது. திடீரென வீசும் காற்றைச் சமாளித்து நிலைகொள்ள வேண்டுமானால், சுழலிகள் தரக்கூடிய மொத்த உந்துவிசை ட்ரோனின் எடையைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருப்பது நல்லது என்பது வடிவமைப்பாளர்கள் பின்பற்றும் பொது அளவுகோல். கூடுதல் எடை இந்த இடைவெளியை விழுங்கிவிடுவதால், மோட்டார்களும் அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுகளும் ஓய்வின்றி உச்ச நிலையில் இயங்கிச் சூடேறுகின்றன. கத்திரி வெயில் காலத்தில் இச்சிக்கல் மேலும் கடுமையாகிறது; காற்றின் வெப்பம் 25 டிகிரி செல்சியசிலிருந்து 40 டிகிரிக்கு உயரும்போது அதன் அடர்த்தி ஏறத்தாழ 5 விழுக்காடு குறைவதால், அதே எடையைத் தாங்கச் சுழலிகள் இன்னும் விரைவாகச் சுழல வேண்டியிருக்கிறது.

பேட்டரியை இணைக்கும் முறையில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. ட்ரோன்களில் பரவலாகப் பயன்படும் லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் சராசரியாக 3.7 வோல்ட்டும், முழுமையாக மின்னேற்றப்பட்ட நிலையில் 4.2 வோல்ட்டும் தருகிறது. செல்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் தொடர் இணைப்பில் மின்னழுத்தம் கூடும். அருகருகே இணைக்கும் பக்க இணைப்பில் மின்னழுத்தம் மாறாமல் கொள்திறன் மட்டும் கூடும். பறப்பு நேரத்தை நீட்டிப்பதற்கு உரியது பக்க இணைப்பே. தொடர் இணைப்பில் சேர்த்தால், குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கென உருவாக்கப்பட்ட மின்சுற்றுகள் கருகிவிடும். பக்க இணைப்பிலும் இரு பேட்டரிகளும் ஒரே வகையினவாகவும், ஒரே எண்ணிக்கையில் செல்கள் கொண்டனவாகவும், இணைக்கும் கணத்தில் ஒரே மின்னழுத்தத்தில் உள்ளனவாகவும் இருக்க வேண்டும். நான்கு செல் பேட்டரிகள் இரண்டில் ஒன்று 16.8 வோல்ட்டிலும் மற்றது 14.8 வோல்ட்டிலும் இருக்க, அவற்றின் மொத்த உள்தடை 0.04 ஓம் எனக் கொண்டால், இணைத்த கணமே ஒன்றிலிருந்து மற்றதற்கு 50 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். இத்தகைய பாய்ச்சலால் செல்கள் உப்பி, தீப்பற்றவும் கூடும்; பட்டு நூலும் தறிகளும் நிறைந்த நெசவாளர் வீடுகள் நெருங்கியிருக்கும் ஊரில் இதைச் சிறு விபத்தாகக் கருத இயலாது.

கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ட்ரோன்களின் பேட்டரிக்குள் மின்னேற்ற அளவைக் கணக்கிடும் சிறு மின்சுற்று ஒன்று இருக்கும். அது தன் வழியாகச் செல்லும் மின்னோட்டத்தை மட்டுமே அறியுமாதலால், வெளியிலிருந்து சேர்த்த துணைப் பேட்டரியின் நிலை அதற்குத் தெரியாமல், எஞ்சிய நேரத்தை இயக்குபவரின் திரை தவறாகக் காட்டும் வாய்ப்பு உண்டு. துணைப் பேட்டரி நடுவிலிருந்து விலகிப் பொருத்தப்பட்டால் ஈர்ப்பு மையம் நகர்ந்து, ஒரு பக்கத்து மோட்டார்கள் மட்டும் கூடுதலாக உழைக்கும். தளர்வாகக் கட்டப்பட்டால் அதிர்வு பெருகிப் படங்கள் கலங்கும்.

ஆகவே பேட்டரிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, ஒரு கிலோ எடையில் அதிக ஆற்றலைத் தரும் பேட்டரியைத் தேர்வதே அறிவுடைமை. உருளை வடிவ லித்தியம் அயனி செல்கள், பொதுவான லித்தியம் பாலிமர் பேட்டரிகளைவிட ஒரே எடையில் கூடுதல் ஆற்றலைத் தேக்கவல்லவை. ஆனால் மிகுந்த மின்னோட்டத்தைத் திடீரெனத் தரும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு. ஏரிக்கரை நெடுகச் சீரான வேகத்தில் பறப்பதற்கு லித்தியம் அயனி பொருந்தும்; கோபுரத்தை ஒட்டி, சுழன்றடிக்கும் காற்றை எதிர்த்து நிற்பதற்கு லித்தியம் பாலிமரே ஏற்றது. மேலும், மோட்டாரும் சட்டகமும் இடங்கொடுத்தால் சுழலியின் விட்டத்தை 20 விழுக்காடு கூட்டுவது, அந்தரத்தில் நிற்கத் தேவையான திறனைக் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 17 விழுக்காடு குறைக்கும். எடையை அதிகம் கூட்டாமலே நேரத்தை நீட்டிக்கும் வழி இது.

எடையைக் கூட்டுவது சட்டத்தின் பார்வையிலும் ட்ரோனின் தகுதியை மாற்றக்கூடும். 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட இந்திய ட்ரோன் விதிகள், சுமையையும் உள்ளடக்கிய மொத்த எடையைக் கொண்டு, 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது என ட்ரோன்களை வகைப்படுத்துகின்றன. 249 கிராம் எடையுள்ள ட்ரோனில் 50 கிராம் பேட்டரி ஒன்றைச் சேர்த்தவுடனேயே அது வேறு வகைக்குள் சென்று, அவ்வகைக்குரிய கடப்பாடுகளுக்கு உட்படுகிறது. கைலாசநாதர் கோயில் போன்ற தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்களைப் படம்பிடிக்க, எடை எவ்வளவாயினும், முன் அனுமதி பெற்றாக வேண்டும்.

நீண்ட நேரப் பறப்பை வேறு வழிகளில் அடைந்தவர்கள் காஞ்சிபுரத்துக்கு அருகிலேயே உள்ளனர். குரோம்பேட்டையிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான ‘தக்‌ஷா’ குழு, 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. பெட்ரோல் இயந்திரத்தையும் மின் மோட்டார்களையும் இணைத்த கலப்பின ட்ரோன்களையும் அக்குழு உருவாக்கியது. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12,000 வாட் மணி ஆற்றல் அடங்கியிருக்க, ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் 200 வாட் மணி அளவே இருப்பதால், இயந்திரத்தில் பெரும்பகுதி வெப்பமாக வீணானாலும் பெட்ரோலே பன்மடங்கு மிஞ்சுகிறது. காஞ்சிபுரத்துக்கு வடக்கே அரக்கோணத்திலுள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து 2020 நவம்பரில் இயங்கத் தொடங்கிய, குத்தகைக்குப் பெறப்பட்ட ‘சீ கார்டியன்’ ஆளில்லா விமானங்கள் 30 மணி நேரத்துக்கும் மேல் பறக்க வல்லவை. எரிபொருள் இயந்திரத்தோடு, எடையைச் சிறு திறனிலேயே தாங்கும் நீண்ட இறக்கைகளும் அதற்குக் காரணம். திருவிழாக் கூட்டத்தை ஒரே இடத்தில் நின்று கண்காணிப்பதற்கு, தரையிலிருந்து மின்கம்பி வழியே தொடர்ந்து மின்சாரம் பெறும் ட்ரோன் போதும். அதற்குத் துணைப் பேட்டரியே தேவையில்லை.

எனவே துணைப் பேட்டரியைப் பற்றி முடிவெடுக்கும் முன், செய்யவேண்டிய வேலை எத்தகையது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். கோபுரத்தின் நிலைகளை ஒவ்வொன்றாகப் படம்பிடிக்கும் பணியை இடையில் நிறுத்தித் தொடர முடியும். அதற்கு மின்னேற்றிய பேட்டரிகள் சிலவற்றைத் தரையில் வைத்துக்கொண்டு, 20 விழுக்காடு மின்னேற்றம் எஞ்சியிருக்கும்போதே இறக்கி, மாற்றி, மீண்டும் ஏற்றுவதே பாதுகாப்பானதும் சிக்கனமானதுமாகும். தரையிறங்க இடமில்லாத நீர்ப்பரப்பின் மேல் நெடுந்தொலைவு சென்று திரும்பும் பணியில்தான், உற்பத்தியாளர் ஏற்கும் எடைக்குள், முறையாக இணைக்கப்பட்ட துணைப் பேட்டரி தன் எடைக்கு ஈடான பயனைத் தருகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குறிப்பிடும் ஏரி வாரியம், ஊராரின் பொறுப்பில் ஏரியைக் காப்பதற்கென்றே அமைந்த குழு. அத்தகைய பொறுப்பை இன்று ஏற்க முன்வரும் உள்ளாட்சிகளும் கல்லூரிகளும் ட்ரோன் வாங்கும்போது, விளம்பரத்தில் காணும் நிமிடக் கணக்கைவிட, ஒரு வாட் மணிக்கு எத்தனை கிராம், எத்தனை கிராமுக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கைக் கேட்டு அறிவது பொதுப்பணத்தையும் தலைக்கு மேல் ட்ரோன் பறக்கும் மக்களின் உயிரையும் ஒருசேரக் காக்கும்.